காயில் கோட் விழுந்தால் என்ன செய்வது? கார்க்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

இன்ஜின் லைட் எரிகிறது, வண்டி நடுங்குகிறது, ஸ்கேனரில் பி0351 அல்லது அதன் தம்பிகளில் ஒன்று, அதாவது இக்னிஷன் காயில் பற்றிய கோளாறுக் கோட், தெரிகிறது. ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி விழ உயர் வோல்டேஜ் தருவதுதான் இந்தக் காயில். சிங்கப்பூரில் சின் மிங், காக்கி புக்கிட், உபி பக்கம் எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் தினம் ஒரு வண்டியாவது இப்படி வந்து நிற்பதைப் பார்க்கலாம். கார் வைத்திருக்கும் நண்பர்களும் உறவினர்களும் இது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே தொகுத்திருக்கிறேன். பெட்ரோல் கார்களுக்கு மட்டுமே இது பொருந்தும். டீசலில் ஸ்பார்க் பிளக்கும் இல்லை, இக்னிஷன் காயிலும் இல்லை.

பி0351 வந்தால் காயில் போச்சு என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்த ஒரு தவறான புரிதலால்தான் நல்ல காயில்கள் குப்பைக்குப் போகின்றன. கோடின் முழுப்பெயரில் ‘காயில் ஏ சர்க்யூட்’ என்று இருக்கும். சர்க்யூட் என்றால் பியூஸ், ரிலே, அங்கிருந்து காயிலுக்கு வரும் ஒயர், கனெக்டர், காயில், எர்த், இசியுவிலிருந்து (இன்ஜினை நடத்தும் கணினி) வரும் சிக்னல் ஒயர், கடைசியில் இசியு எல்லாமே சேர்த்துத்தான். அந்தச் சுற்றில் எங்கோ எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று மட்டும்தான் இசியு சொல்கிறது. எங்கே என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் நீங்களோ உங்கள் மெக்கானிக்கோதான்.

காயில்தான் பெரும்பாலும் காரணம் என்பதும் உண்மை. ஆனால் ‘பெரும்பாலும்’ என்பதை வைத்துக்கொண்டு பணம் செலவழிக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் சரிபார்க்கக்கூடிய விஷயம் இது.

பி0301-க்கும் பி0351-க்கும் என்ன வித்தியாசம்?

பி0301 என்றால் 1ஆம் சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. கிராங்க் சுழலும் வேகத்தில் வரும் தடுமாற்றத்தை வைத்து இசியு கணக்கிடுவது. பிளக், காயில், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன், காற்றுக் கசிவு, எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். பி0351 அப்படியல்ல, அது மின்சாரம் சம்பந்தப்பட்ட புகார். காயிலுக்குக் கட்டளை கொடுத்தேன், திரும்பி வர வேண்டிய அடையாளம் வரவில்லை என்பதே அதன் சாரம். ஐரோப்பிய கார்களில் சில நேரம் பி2300, பி2301 வரும். அவை கட்டுப்பாட்டு ஒயரில் வோல்டேஜ் குறைவு, அதிகம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்பவை.

இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் பி035 வரிசையைக் கவனியுங்கள். பி0301 மட்டும் தனியாக வந்து பி0351 இல்லாவிட்டால் காயில் நல்லது என்று முடிவு செய்துவிடாதீர்கள். காயிலின் உயர் வோல்டேஜ் பக்கம் மின்சாரம் கசிந்தால் பல இசியுக்களுக்கு அது தெரியவே தெரியாது.

இன்னொன்று. ‘ஏ’ என்றால் பெரும்பாலான கார்களில் 1ஆம் சிலிண்டர்தான், ஆனால் எல்லாவற்றிலும் அல்ல. சிலர் தீப்பொறி விழும் வரிசைப்படி எழுத்துக் கொடுக்கிறார்கள். உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

பிஐஇ விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது இன்ஜின் லைட் மின்ன ஆரம்பித்துவிட்டது. என்ன செய்ய?

நிலையாக எரிவது வேறு, மின்னுவது வேறு. மின்னினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடாக்கி அழிக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கிறது என்று அர்த்தம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்துங்கள், இடது தடத்துக்கு வாருங்கள், அடுத்த எக்சிட்டில் இறங்குங்கள். வீடு பக்கம்தானே என்று அழுத்திக்கொண்டு போனால் ஒரு காயில் செலவு கன்வெர்ட்டர் செலவாக மாறும்.

வண்டி விரைவுச்சாலையிலேயே நின்றுவிட்டால் ஹசார்டு லைட்டைப் போட்டுவிட்டு, பாதுகாப்பாக இறங்க முடிந்தால் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏவின் ஈமாஸ் மீட்பு வண்டி பக்கத்தில் குறிக்கப்பட்ட கார் பார்க் வரை இலவசமாக இழுத்துவிடும். அங்கிருந்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவது உங்கள் செலவு. சுரங்கப்பாதைக்குள் பானட்டைத் திறந்து பார்க்கும் வேலையே வேண்டாம்.

என் காரில் காயிலுக்கு எத்தனை ஒயர் வருகிறது? அது ஏன் முக்கியம்?

மிக முக்கியம். ஒயர் எண்ணிக்கை தெரியாமல் சோதிக்க இறங்கினால் சோதனையே தவறாகிவிடும்.

இரண்டு ஒயர் என்றால் ஒன்றில் 12 வோல்ட், மற்றதை இசியு எர்த்துக்கு இழுத்து விடுவிக்கிறது. கொரிய கார்கள் பலவற்றில் இப்படித்தான். இதில் காயில் உள்ளே ஷார்ட் ஆனால் இசியுவுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரும் சேர்ந்து போகலாம்.

மூன்று ஒயர் என்றால் 12 வோல்ட், எர்த், சிக்னல். ஹோண்டா ஜாஸ், சிட்டி, நிசான் லாட்டியோ போன்றவை இந்த வகை. டிரான்சிஸ்டர் காயிலுக்குள்ளேயே இருக்கும். இசியு சின்ன சிக்னல் மட்டும் அனுப்பும். பழைய ஐ-டிஎஸ்ஐ ஜாஸ், சிட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க: சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆக மொத்தம் 8 காயில். முன்வரிசையை மட்டும் மாற்றிவிட்டு ‘எல்லாம் புதுசு’ என்று சொல்பவர்களும் உண்டு.

டொயோட்டாவில் நான்கு ஒயர். 12 வோல்ட், எர்த், ஐஜிடி, ஐஜிஎஃப். ஐஜிடி இசியு தரும் கட்டளை. ஐஜிஎஃப் காயில் திருப்பித் தரும் ‘ஆச்சு’ என்ற பதில். பதில் வராவிட்டால் பி0351 விழும், கன்வெர்ட்டரைக் காப்பாற்ற இசியு பெட்ரோலை நிறுத்தவும் செய்யும். ஆக டொயோட்டாவில் தீப்பொறி நன்றாக விழுந்துகொண்டே, பதில் ஒயர் அறுந்ததால் மட்டும் வண்டி ஓடாமல் போகலாம். இது தெரியாமல் பிளக்கைக் கழற்றித் தீப்பொறி பார்த்துவிட்டு ‘காயில் ஓகே, இசியு போச்சு’ என்று தீர்ப்புச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

போக்ஸ்வாகன் குழுவின் டிஎஸ்ஐ இன்ஜின்களிலும் நான்கு ஒயர்தான், ஆனால் அதில் இரண்டு எர்த். பதில் ஒயர் கிடையாது. நான்கு இருந்தால் டொயோட்டா மாதிரிதான் என்று நினைக்க வேண்டாம்.

கையில் ஸ்கேனரும் ஒரு சாக்கெட்டும்தான் இருக்கிறது. வீட்டிலேயே எதைச் செய்து பார்க்கலாம்?

மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் சிறந்த முதல் சோதனை. இன்ஜின் ஆறியிருக்கட்டும், சாவி ஆஃப். கோட் சொல்லும் சிலிண்டரின் காயிலையும் பக்கத்தில் ஒன்றை விட்டு அடுத்ததையும் கழற்றுங்கள். ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் ஒரே ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட்தான். இடம் மாற்றிப் பொருத்தி, கோடை அழித்து, பழைய சிரமம் எப்போது வந்ததோ அதே மாதிரி ஓட்டுங்கள்.

1ஆம் சிலிண்டர் காயிலை 3-இல் போட்ட பிறகு பி0351 போய் பி0353 வந்தால் குற்றவாளி காயில், விஷயம் முடிந்தது. அதே பி0351 மறுபடி வந்தால் காயில் நிரபராதி, ஒயரிங் பக்கம் போக வேண்டும்.

கோடை அழிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். கோட் விழுந்த நேரத்துப் பதிவு ஸ்கேனரில் இருக்கும்: ஆர்பிஎம், கூலண்ட் சூடு, வேகம், லோடு. அதைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். சூடான இன்ஜினில் ஏற்றம் ஏறும்போது விழுந்த கோடுக்கும், காலையில் குளிர்ந்த இன்ஜினில் விழுந்த கோடுக்கும் தேடல் வேறு. அழித்துவிட்டால் அந்தத் தடயமும் போய்விடும்.

கனெக்டரின் பூட்டை அழுத்தும்போது பொறுமை வேண்டும். சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமம்) நீட்டித்து ஓடும் 10 வயதுக்கு மேற்பட்ட வண்டிகளில் அந்த பிளாஸ்டிக் வெந்து அப்பளமாகியிருக்கும். பூட்டு உடைந்து, கனெக்டர் பாதி நழுவி, அதுவே அடுத்த கோடுக்குக் காரணமாவது சகஜம்.

மாற்றிப் போட்டும் கோட் அதே சிலிண்டரில் நிற்கிறது. அடுத்து எங்கே பார்ப்பது?

கனெக்டரில் ஆரம்பியுங்கள். ஒயரின் உலோக முனையான பின் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா, பெண் பின் விரிந்து தளர்ந்திருக்கிறதா? ஒயர்க் கட்டு எங்காவது இன்ஜின் மூடியில் உரசுகிறதா? எலி கடித்த தடம் இருக்கிறதா? திறந்த கார் பார்க்கில் உணவுக்கடை பக்கம் நிறுத்தும் வண்டிகளில் எலியை முதல் சந்தேகமாகவே வைக்கலாம்.

அடுத்து மின்சாரம். கனெக்டரைக் கழற்றி சாவியை ஆன் செய்து, 12 வோல்ட் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் பேட்டரி அளவுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மல்டிமீட்டர் 12 காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட மின்சாரமே எடுப்பதில்லை. காயிலோ ஒவ்வொரு முறையும் பல ஆம்பியர் இழுக்கும். ஆகவே அந்தப் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே ஒரு 21 வாட் பல்பை இணைத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் மின்சாரமும் எர்த்தும் இரண்டும் சரி. மங்கினால், பல்பு எரியும்போதே மீட்டரை எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வைத்துப் பாருங்கள். 0.2 வோல்டுக்கு மேல் போனால் எர்த் பக்கம் குறை. இல்லையென்றால் குறை பியூஸ் பக்கம். இரண்டு ஒயர் காயிலில் எர்த் பின் கிடையாது. அதில் பல்பின் மறுமுனையை பேட்டரி நெகட்டிவில் கொடுங்கள்.

இந்த பல்பை சிக்னல் பின்னிலோ ஐஜிடி, ஐஜிஎஃப் பின்னிலோ வைக்கவே கூடாது. அவை இசியுவின் மெல்லிய கம்பிகள். பல்பு இழுக்கும் மின்சாரத்தை அவை தாங்காது.

டொயோட்டாவில் கூடுதலாக ஒன்று: கனெக்டரைக் கழற்றி சாவி ஆனில் ஐஜிஎஃப் பின்னில் சுமார் 5 வோல்ட் நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஒயர் அறுந்திருக்கிறது அல்லது எங்கோ எர்த் ஆகிறது.

இவ்வளவும் சரியாக இருந்தால் இசியுவின் கனெக்டரிலிருந்து காயில் கனெக்டர் வரை ஒயரை அளந்து, வளைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் சரியானால்தான் இசியுவைப் பற்றிப் பேசலாம்.

சிக்னல் ஒயரில் மீட்டர் கிட்டத்தட்ட 0 காட்டுகிறது. இசியு செத்துவிட்டதா?

பயப்பட வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐடிலில் 750 ஆர்பிஎம் என்றால் ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 375 தீப்பொறி, அதாவது நொடிக்கு 6.25. ஒவ்வொரு முறையும் சிக்னல் சுமார் 3 மில்லி நொடிதான் மேலே நிற்கும். மொத்த நேரத்தில் அது 2 சதவீதம்கூட இல்லை. 5 வோல்ட் சிக்னலின் சராசரி 0.1 வோல்டுக்கும் கீழே. டிசி வோல்ட் அளவில் மீட்டர் அதைத்தான் காட்டுகிறது; மீட்டர் பொய் சொல்லவில்லை.

மீட்டரில் ஹெர்ட்ஸ் அளவு இருந்தால் அதில் போடுங்கள், 6 பக்கம் காட்டினால் சிக்னல் வருகிறது. ஆஸிலோஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. இப்போது சிறிய ஸ்கோப்புகள் எட்டும் விலையில் கிடைக்கின்றன, ஆர்வமுள்ளவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஒயர் காயிலின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் மட்டும் எச்சரிக்கை: மின்சாரம் வெட்டுப்படும் கணத்தில் அங்கே 300, 400 வோல்ட் எழும். அதைத் தாங்கும் ப்ரோப் இல்லாமல் ஸ்கோப்பை மாட்டாதீர்கள்.

ஓம் அளந்தே காயிலைச் சோதிக்கலாம் என்று வீடியோவில் சொல்கிறார்களே?

இரண்டு ஒயர் காயிலில் ஓரளவு சரி. பிரைமரி, அதாவது 12 வோல்ட் பக்கச் சுருள், பெரும்பாலும் 1 ஓம் பக்கம் இருக்கும். மீட்டர் ஒயர்களே 0.2 அல்லது 0.3 காட்டும் என்பதால் அதைக் கழித்துவிட வேண்டும். மூன்று, நான்கு ஒயர் காயில்களில் நடுவே எலக்ட்ரானிக்ஸ் இருப்பதால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் செகண்டரி பக்கத்தில் பல காயில்களில் ஒரு டையோடு இருக்கும். நல்ல காயிலும் ‘ஓப்பன்’ என்றே காட்டும். இந்த அளவை நம்பி நல்ல காயிலைத் தூக்கிப் போட்டவர்கள் ஏராளம். சூடானபோது மட்டும் படுக்கும் காயில், ஆறிய பிறகு மேசையில் வைத்து அளந்தால் அருமையாகத் தெரியும்.

நான்கு காயில் கோடும் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. நான்கும் சேர்ந்தா போகும்?

போகாது. பொதுவான இடத்தைத் தேடுங்கள்: பியூஸ், ரிலே, எர்த் போல்ட். டொயோட்டாவின் நான்கு சிலிண்டர் இன்ஜின்கள் பலவற்றில் ஐஜிஎஃப் ஒயர் எல்லாக் காயிலுக்கும் பொது. ஒரு காயில் உள்ளே ஷார்ட் ஆகி அந்த ஒயரை இழுத்துப் பிடித்தால் நான்கும் குற்றம் சாட்டப்படும். கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்ப வருகிறது என்று பாருங்கள்.

பியூஸ் போட்டதும் போய்க்கொண்டே இருந்தால் காயில்களை மட்டும் சந்தேகிக்காதீர்கள். ரேடியோ இரைச்சலைத் தடுக்க ஒரு சிறிய கண்டென்சரை அதே மின்பாதையில் போல்ட் போட்டு வைத்திருப்பார்கள். அது ஷார்ட் ஆனாலும் பியூஸ் போகும்.

தீப்பொறி எந்த சிலிண்டரிலும் இல்லை, காயில் கோடும் இல்லை என்றால் அது வேறு கதை: கிராங்க் சென்சார், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் பக்கம் போங்கள்.

ஓடும்போதே காயிலை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பார்களே?

பழைய பழக்கம். பிளக்கிலிருந்து காயிலை மேலே தூக்குவது கூடவே கூடாது. இறங்க வழியில்லாத 30,000 வோல்ட் காயிலின் இன்சுலேஷனைத் துளைக்கும், இல்லையென்றால் உங்கள் கையைத் தேடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் ஓடும் இன்ஜினின் இந்தப் பகுதிக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. சிலிண்டரை நிறுத்திப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுங்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போகாது.

காயிலைக் கழற்றினால் குழாய் முழுக்க எண்ணெய். துடைத்துவிட்டுப் போடலாமா?

போடலாம், சில வாரம் ஓடும். எண்ணெய் வால்வு கவரின் பிளக் குழாய் சீலிலிருந்து வருகிறது. அதை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால் புதுக் காயிலின் ரப்பரும் ஊறிப் பருத்துவிடும்.

பிளக்கையும் எடுத்துப் பாருங்கள். பீங்கானில் நெடுகக் கறுப்பாக மெல்லிய கோடு ஓடினால் தீப்பொறி வெளியே தாவியிருக்கிறது. பிளக்கையும் காயிலின் ரப்பரையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரும்புப் பகுதியை ஒட்டி பழுப்பாக ஒரு வளையம் மட்டும் இருந்தால் அது வெறும் கறை. இடைவெளி தேய்ந்து அகன்ற பிளக் காயிலை அதிக வோல்டேஜ் எழுப்ப வைத்துச் சீக்கிரம் கொல்லும். தனியார் வாடகைக் காராக ஓடும் வண்டிகளில் 100,000 கிலோமீட்டர் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும் என்பதால் பிளக் கணக்கை எழுதி வையுங்கள்.

மழையிலும், ஜொகூருக்குப் போகும் காஸ்வே நெரிசலிலும் மட்டும் மிஸ்ஸிங். ஒர்க்‌ஷாப்பில் வந்தால் ஒன்றுமில்லை.

இரண்டுக்கும் காரணம் வேறு. மழையில் என்றால் ஈரம்: வைப்பருக்குக் கீழே இருக்கும் தட்டில் இலை அடைத்து, தண்ணீர் இன்ஜின் மேல் சொட்டுகிறதா பாருங்கள். பிரஷர் தண்ணீரில் இன்ஜின் கழுவிய மறுநாள் வரும் மிஸ்ஸிங்கும் இதே வகை. நெரிசலில் என்றால் சூடு: நகராமல் நிற்கும்போது பானட்டுக்குள் வெப்பம் ஏறி, காயிலுக்குள் இருக்கும் விரிசல் திறக்கும். அப்படியானால் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். சூடாகவே ஓட்டிக்கொண்டு போய், சூட்டோடு காயிலை இடம் மாற்றச் சொல்லுங்கள்.

காயிலை எங்கே வாங்குவது? ஒன்றை மாற்றினால் போதுமா, நான்கையும் மாற்றவா?

டென்சோ, ஹிட்டாச்சி, என்ஜிகே, போஷ் என வண்டியோடு வந்த தயாரிப்பாளரின் காயிலையே வாங்குங்கள். பழைய காயிலின் மேல் இருக்கும் எண்ணைப் பொருத்திப் பாருங்கள். டொயோட்டாவில் அது 90919 என்று தொடங்கும். இணையத்தில் நான்கு காயில் ஒன்றின் விலைக்குக் கிடைத்தால், பெட்டியில் என்ன பெயர் அச்சிட்டிருந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது. எல்லைக்கு அப்பால் ஜேபியில் (ஜொகூர் பாரு) வாங்குபவர்களும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். முக்கால் டேங்க் பெட்ரோலோடு எல்லை தாண்டி, மலிவுக் காயிலோடு திரும்பி, ஒரு மாதத்தில் மறுபடி போவது சேமிப்பு ஆகாது.

5 வயது வண்டியில் ஒன்று போனால் ஒன்றை மாற்றினால் போதும். 12 வயது வண்டியில் எல்லாமே முதல் காயில்கள், அதில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டன என்றால் மிச்சத்தையும் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. சோதிக்காமலே ‘நாலு காயில், நாலு பிளக் பேக்கேஜ்’ என்று ஆரம்பிப்பவரிடம் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்‌ஷன். இப்படியே போனால் தேறுமா?

மிஸ்ஸிங் இருந்தால் எரியாத ஹைட்ரோகார்பன் ஏறும், புகைச் சோதனையிலேயே மாட்டிக்கொள்ளலாம். 10 வயதுக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆண்டுதோறும் சோதனை என்பதால் இதைத் தள்ளிப்போட இடமும் இல்லை.

என்னுடையது ஹைப்ரிட். நானே பார்க்கலாமா?

கோடைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். ப்ரியஸ் போன்ற வண்டியில் ‘ரெடி’ விளக்கு எரிந்தால் இன்ஜின் சத்தமில்லாமல் இருந்தாலும் எந்த நொடியிலும் தானாகக் கிளம்பும். உள்ளே கை இருந்தால் ஆபத்து. ஆரஞ்சு நிற ஒயர்கள் உயர் வோல்டேஜ், அவற்றைத் தொடவே கூடாது. ஐடிலில் தொடர்ந்து ஓட வைக்கத் தனி முறை உண்டு. அது தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டு போங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன சொல்லிக் கேட்பது?

‘காயில் மாத்துங்க அண்ணே’ என்று ஆரம்பித்தால் மாற்றித்தான் தருவார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. கோட் எண்ணையும் பதிவின் படத்தையும் காட்டுங்கள். எந்தக் காயிலை எதனோடு இடம் மாற்றினீர்கள், கோட் நகர்ந்ததா என்று சொல்லுங்கள். ‘பவரும் எர்த்தும் பல்பு போட்டுப் பார்த்தீங்களா?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். கழற்றிய பழைய காயிலைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.